அலைக்கும் அலைக்கும் இடையில்

பிப்ரவரி 3, சனி

மாடியில் உட்கார்ந்து நான் அலைகளை எண்ணிக்கொண்டிருப்பதாக ஊரில் பேசுகிறார்கள். கோயில் பெருக்குகிற ஆக்னஸ் வந்து சொன்னாள். "கான்வென்ட் மாமிக்கு மண்டை கொழம்பிப்போச்சு, பொழுதன்னைக்கும் அலை எண்ணுதுண்ணு சொல்லுதாவ" என்றாள். சொன்னவர்கள் யார் என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றாள்.

அது தவறு. நான் அலைகளை எண்ணவில்லை. ஓர் அலை கறுத்தபாறையில் உடைவதற்கும் அடுத்த அலை உடைவதற்கும் இடையே எத்தனை விநாடி என்று அளக்கிறேன். பத்து அலைகளுக்கு எடுத்துப் பத்தால் வகுக்கிறேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. பொழுதெல்லாம் செய்கிற வேலை அல்ல.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் கணவர் கிறிசோஸ்தம். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கரையில் நின்று அருள்நிறைந்த மரியே சொல்வார். ஒரு மந்திரம் முடிவதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால் அது பக்கத்துக் கடலின் அலை, பயமில்லை. ஒன்று முழுதாக முடிந்து இரண்டாவதில் பாதியும் போய்விட்டால் அது எங்கோ தூரத்துக் கடலில் அடித்த புயலின் அலை. இங்கே காற்று இருக்காது, வானம் வெளுத்திருக்கும், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். பிறகு திடீரென்று எழுந்து வீட்டுக்குள் வரும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். கள்ளனைப்போல் சொல்லாமல் வருவது.

அவர் சொல்லச் சொல்ல முப்பத்தொரு வருடம் நான் எழுதினேன். காற்று, நீரோட்டம், நீரின் நிறம், கிடைத்த மீன், அலையின் இடைவெளி. பதினான்கு நீள நோட்டுகள். அவர் போன பிறகு பதினோரு வருடமாக நானே பார்த்து எழுதுகிறேன். மந்திரத்துக்குப் பதிலாக விநாடி. மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை.

காலை 10. மாலை 11. முருங்கைக்காய் சாம்பார். குற்றம்: ஆக்னஸிடம் கோபப்பட்டது.

(நான் படித்த கான்வென்ட் போர்டிங்கில் எல்லாவற்றுக்கும் மணி உண்டு; நாட்குறிப்பின் கடைசி வரி அன்றைய குற்றமாக இருக்க வேண்டும். அறுபது வருடமாக அந்தப் பழக்கம் போகவில்லை.)

பிப்ரவரி 7, புதன்

காலை 10. மாலை 10.

மத்தி இல்லை. நெத்தலி வாங்கினேன், பாதிக்குத் தலை இல்லை. கடல் சூடாகிவிட்டதாம், மத்தி மேலே வரமாட்டேன் என்கிறதாம். என் கொழுந்தன் அம்புறோஸ் இப்போதெல்லாம் தூண்டிலோடு தூரத்துப் பாருக்குத்தான் போகிறான். பார் என்பது கடலடிப் பாறை, மீன் கூடும் இடம். அவன் அண்ணன் காலத்தில் கோயில் கோபுரத்தையும் முனையில் நின்ற ஒற்றைத் தென்னையையும் நேர்க்கோட்டில் வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். தென்னை நின்ற மண்ணைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்புறோஸ் மூன்று நாள் வெறும் வள்ளத்தோடு அலைந்து, தென்னைக்குப் பதில் செல்போன் கோபுரத்தை வைத்து அதே இடத்தைப் பிடித்துவிட்டான். ஊருக்கே சொல்லியும் கொடுத்தான். இதை எழுதி வைப்பது நியாயம். அவன் மாறத் தெரியாதவன் அல்ல.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வெளி மண்டபத்தில் அம்புறோஸிடம் பேசினேன். அவனுடைய ஆட்களும் வேறு வள்ளக்காரர்களும் நின்றார்கள். நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னேன். உன் அண்ணன் எழுதச் சொன்ன முப்பத்தொரு வருடத்தில் கள்ளக்கடல் பத்தொன்பது முறை. எல்லாம் பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவே. பிந்திய பதினோரு வருடத்தில் பதினான்கு முறை. அதில் நான்கு பங்குனிக்கு முன்னால். ஒன்று தை மாதக் கடைசியில். சிறியவை, மணலோடு நின்றுவிட்டன. ஆனால் நாள் மாறிவிட்டது.

அவன் சிரித்தான்.

"மயினி, இனி கடலுக்கும் பெல் அடிச்சு பீரியடு வைப்பியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்கிற விஷயம் இல்லை. நாம் கட்டிய கற்சுவருக்கு நடுவே வள்ளம் நுழைய நாற்பதடி வாய்தான் இருக்கிறது. அந்த அலை அங்கே எழும்பினால் ஒதுங்க இடம் கிடையாது" என்றேன்.

"எனக்கு அண்ணன் சொன்னதுதான் வேதம். பங்குனி பொறக்காம கள்ளன் வரமாட்டான். அண்ணன் சொல்லி நீங்கதானே எழுதினிய?"

"அதை எழுதியது எண்பத்தெட்டில். அதற்குப் பிறகும் எழுதியிருக்கிறேன்."

"அண்ணன் போனபெறவு எழுதினது அண்ணனுக்க சொல்லு இல்லையே மயினி. அது உங்க சொல்லு. நீங்க எண்ணைக்குக் கடலுக்குப் போனிய?"

யாரோ பின்னால் நின்று, "மாடியில இருந்தே போய்ட்டு வருவாவ" என்றான். மறுபடி சிரிப்பு. தொம்மை ஒருவன்தான் சிரிக்கவில்லை. அவன் அம்புறோஸின் வள்ளத்தில் போகிறவன்.

இனி கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர் என் முன்வாசலில் வந்து கேட்கட்டும்.

காலை 11. மாலை 11. குற்றம்: பூசை நேரத்தில் பராக்கு.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. கஞ்சி, துவையல். நெற்றியில் பூசிய சாம்பல் கண்ணாடிமேல் உதிர்ந்து பூசை முழுவதும் சாமியார் மங்கலாகத் தெரிந்தார்.

காலை 12. மாலை 12.

பிப்ரவரி 17, சனி

மாடியிலிருந்து பார்க்கையில் கறுத்தபாறைக்கு முன்னால் பனிமூட்டம். அதனால் விடியற்காலையில் கரைக்கு இறங்கினேன். வள்ளங்கள் இறக்கும் நேரம் என்பதை மறந்துவிட்டேன். மறந்தேன் என்று எழுதுவது உண்மைதான்.

தொம்மையின் மனைவி ஓடிவந்தாள். "மாமி, கோவிச்சுக்காதிய. வள்ளம் எறங்கட்டு. பெறவு வாருங்க."

தாலி அறுத்தவள் எதிரே வந்தால் அன்று வள்ளம் இறக்கமாட்டார்கள். அவளிடம் கடலைப் பற்றி வாய்திறந்து கேட்டுவிட்டுப் போனாலும் ஆகாது. சிலுவை போட்டுக்கொண்டு, ஆரோக்கியமாதா படத்தை எஞ்சினில் ஒட்டிக்கொண்டு, இதையும் நம்புகிறார்கள். என் கணவர் கடலில் சாகவில்லை. கட்டிலில், அவஸ்தைப் பூசுதல் பெற்று, என் கையைப் பிடித்தபடி இறந்தார். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

திரும்பி நடந்தேன். அம்புறோஸ் எஞ்சினைக் குனிந்து பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா இறந்தபின் எட்டு வயதிலிருந்து நான் சோறு போட்டு வளர்த்தவன்.

அளக்கவில்லை. மாலை 12.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலை 13. மாலை 15.

காற்று சுத்தமாக இல்லை. மழை பெய்யாமல் கிணற்றில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிப்பு. துணிகளை மோட்டார் தண்ணீரில் அலசாமல் குழாய்த் தண்ணீர் வரும்வரை காத்திருந்தேன்.

போனில் அரசாங்கத்து எச்சரிக்கை வந்தது: உயர் அலை, மாவட்டம் முழுவதற்கும். வாரம் ஒரு முறை வருகிறது. யாரும் அதைத் திறப்பதில்லை.

பிப்ரவரி 21, புதன்

காலை 17. மாலை 18.

மாலையில் அம்புறோஸ் மனைவி வெரோணி வந்தாள். கருவேப்பிலை கேட்டாள். கொடுத்தேன். வேறு விசேஷம் இல்லை.

குற்றம்: இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

காலை 21.

பத்தரை மணிக்குக் கோயில் மணி அடித்தார்கள். நிறுத்தாமல் அடித்தார்கள்.

பிப்ரவரி 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அம்புறோஸ், அவன் மகன் ரெக்ஸன், தொம்மை மூவரும் விடியற்காலை ஐந்து மணிக்கு வள்ளம் இறக்கினார்கள். கடல் அப்போது தட்டையாக இருந்தது. தூரத்துப் பாரில் நல்ல மீன், விளமீனும் பாறை மீனும். பத்து மணிக்குத் திரும்பி கற்சுவரின் வாய்க்கு வந்தார்கள். முதல் அலையைக் கடக்கவிட்டார்கள். இரண்டாவதையும் விட்டார்கள். மூன்றாவது வர நேரமாயிற்று. கடல் அமர்ந்துவிட்டது என்று நினைத்து எஞ்சினை முடுக்கினார்கள். வாய்க்கு நடுவே இருக்கும்போது அது வந்து பின்பக்கத்தைத் தூக்கியது. வள்ளம் கல்லில் விழுந்தது. ரெக்ஸனும் தொம்மையும் உள்பக்கமாக எறியப்பட்டு மணலில் ஒதுங்கினார்கள். அம்புறோஸ் வெளிப்பக்கமாக.

முன்வரிசையில் ஏழு வீடுகளுக்குள் தண்ணீர். என் முற்றத்தில் கணுக்கால் அளவு. பாய், சருவப் பானை, ஒரு குழந்தையின் செருப்பு எல்லாம் மிதந்து வந்து வேலியில் நின்றன.

அவன் இன்னும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

கிடைத்துவிட்டான். மேற்கே அடுத்த ஊர்க் கரையில். மாலையில் அடக்கம்.

பெட்டியை மூடுமுன் கன்னத்தில் கை வைத்தேன். உப்பு இருந்தது. துடைக்கக் கைக்குட்டை எடுப்பதற்குள் மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

பிப்ரவரி 28, புதன்

முற்றத்து மணலை வாரிக் கொட்ட ஆள் வந்தது. கிணறு இறைத்தோம். இன்னும் கரிக்கிறது.

ஆக்னஸ் இன்று புதிய செய்தி கொண்டுவந்தாள். "அறிஞ்சுகிட்டே மறைச்சுட்டா கிழவி" என்கிறார்களாம். இருபத்தொன்றாம் தேதிவரை மண்டை குழம்பியவள். இருபத்திரண்டாம் தேதியிலிருந்து எல்லாம் அறிந்தவள். ஊர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும்.

நான் எதையும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது?

காலை 10. மாலை 10.

மார்ச் 2, சனி

ஏழாம் நாள் பூசை. பூசை முடிந்து அம்புறோஸ் வீட்டில் எல்லாருக்கும் காப்பி. நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். என் தம்ளரை வெரோணியே கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஆளு சொல்லுதாவளாம், யாரும் கேக்கேல்லண்ணு. நான் கேட்டேன். இந்த வாயால கேட்டேன்."

பங்குச்சாமியார் ஏதோ சொல்ல எழுந்தார்.

"நீங்க இரிங்க சாமி. மயினி, நான் கேட்டேனா இல்லையா? கோயில்ல முட்டுபோட்டு நிக்கிற ஆளுதானே நீங்க? சொல்லுங்க."

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

தொம்மை வந்தான். முன்வாசலில், பகல் பதினொரு மணிக்கு, தெருவே பார்க்கும்படி. கையில் கட்டு.

"மாமி, இண்ணைக்கு எத்தற?"

"பதினொன்று" என்றேன். "உள்ளே வா. வெளியே நின்று கேட்டால் உனக்குத்தான் கெட்ட பெயர்."

"போற வள்ளமே கல்லுல கெடக்கு. இனி என்ன கெடுறதுக்கு?" என்று சொல்லி உட்கார்ந்தான். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான்:

"ஒண்ணு சொல்லணும். அண்ணைக்கு வள்ளம் எறக்கச்சில நான் கேட்டேன். 'மூப்பா, மயினி ஏதோ சொன்னாவளே, பாக்க வேண்டாமா?'ண்ணு. அதுக்கு அவிய சொன்னாவ: 'நேத்து வெரோணிய விட்டுக் கேட்டேம்ல. மயினி ஒண்ணும் சொல்லேல்லையாம். ஆபத்து உண்டுண்ணா மயினி வாய மூடிட்டு இருக்க மாட்டாவ. எனக்குச் சோறு போட்ட கையில்லா.' அப்பிடிச் சொல்லிட்டுத்தான் எஞ்சின இழுத்தாவ."

அவன் போனபிறகு தம்ளரைக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன் என்று நினைக்கிறேன்.

மாலை அளக்கவில்லை.

மார்ச் 6, புதன்

பிப்ரவரி 21-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு விடுபாடு இருக்கிறது. எழுதியதை அழிப்பது என் பழக்கம் அல்ல. இங்கே சேர்க்கிறேன்.

மாலை ஆறு மணிக்குச் சற்று முன். வெரோணி பின்பக்கமாக, கிணற்றடி வழியாக வந்தாள். அடுக்களையில் நான் மேசையில் உட்கார்ந்து, அப்போதுதான் அளந்த எண்ணை எழுதியிருந்தேன். 18.

"மயினி, அவிய சொல்லித்தான் வந்தேண்ணு நெனச்சுப்போடாதிய" என்றாள். பிறகு அவளே சிரித்தாள். "அவிய சொல்லித்தான் வந்தேன். நாளைக்குத் தூரம் போறாவ. ரெக்ஸனும் போறான். நீங்க எழுதுத நம்பரு இண்ணைக்கு எத்தறண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாவ."

"அவன் எங்கே?"

"வீட்டுலதான். தூண்டில் கட்டுதாவ."

"ஐம்பது எட்டு நடந்து வந்து கேட்க முடியாதா?"

"நாளைக்கு வள்ளம் எறக்குத ஆளு உங்ககிட்ட வந்து கேக்கக்கூடாதுல்லா மயினி. உங்களுக்குத் தெரியாததா?"

"கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் முன்னால் என்னைக் கேலி செய்யத் தெரிந்தது. கேட்பதற்கு மட்டும் பின்வாசல் வழியாகப் பெண்டாட்டியை அனுப்புவானா? முன்வாசலில் வந்து அவன் கேட்கட்டும். சொல்கிறேன்."

"வெளையாடாதிய மயினி."

"நான் விளையாடுகிறவளா?"

அவள் மேசையைப் பார்த்தாள். நோட்டு திறந்திருந்தது. நான் அதை மூடினேன்.

பிறகு அவளுக்கு முகம் தெளிந்தது. "அப்போ பயமொண்ணும் இல்லைண்ணு அர்த்தம். பயமுண்டுண்ணா நீங்க இப்பிடிப் பிணங்கிட்டு இருக்கமாட்டிய. செரி, ஒரு கொத்து கருவேப்பில தாருங்க. வெறுங்கையோட போனா ஆளுவ கேப்பாவ, எதுக்குப் போனாண்ணு."

ஒடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அவன் இரவுக்குள் வருவான் என்று நான் நினைத்தேன். முன்விளக்கைப் போட்டு வைத்தேன். எட்டரை மணிக்கு அணைத்தேன்.

இதுவும் முழுவதும் அல்ல. மறுநாள் காலை நாலரை மணிக்கு மாடியில் நின்று அளந்தேன். 21. பனி இல்லை, நிலவில் தெளிவாக இருந்தது. வள்ளம் இறக்க வேண்டிய இடம் என் கேட்டிலிருந்து இருநூறு எட்டுத் தூரம். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுவரை போனேன். தாழ்ப்பாளைத் தொட்டேன். பதினேழாம் தேதி போலத் திரும்பிப் போகச் சொல்வார்கள் என்று தோன்றியது. தொம்மை மனைவி ஓடிவருவாள். அவன் எஞ்சினைக் குனிந்து பார்ப்பான். இன்னொரு முறை அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்துத் திரும்பினேன். அடுப்பில் பால் வைத்தேன்.

எஞ்சின் சத்தம் கேட்டது. தேய்ந்து போகும்வரை கேட்டேன்.

நேற்று தொம்மை போனபிறகுதான் இது எனக்கு விளங்கியது. நான் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். எண் வேண்டாம், நோட்டு வேண்டாம், யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம். வள்ளத்துக்கு எதிரே போய் நின்றிருந்தால் போதும். திட்டியிருப்பார்கள். மணலில் துப்பியிருப்பார்கள். ஆனால் அன்று வள்ளம் இறங்கியிருக்காது. தாலி அறுத்தவள் எதிரே நின்ற நாளில் இந்தக் கரையில் ஒரு வள்ளமும் இறங்கியதில்லை. அவர்களுடைய மடமை அவனைக் காப்பாற்றியிருக்கும். என் மானம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

குற்றம்: மேலே எழுதியது.

மார்ச் 7, வியாழன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் நல்ல மனிதர், இளையவர். "வேண்டுமென்று செய்யவில்லையே அம்மா" என்றார். வேண்டுமென்றுதான் செய்தேன், விளைவு இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை, இரண்டும் வேறு வேறு என்று திருத்தினேன். ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். அது போதாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மார்ச் 13, புதன்

காலை 16.

தொம்மை இப்போது வேறொருவரின் வள்ளத்தில் போகிறான். நேற்று மாலை வந்து கேட்டான், 16 என்றேன். அவன் போகவில்லை. அவனுக்குப் பதில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்ற நான்கு வள்ளங்களும் போயின. எல்லாம் பத்திரமாக வந்தன. நிறைய மீன். கரையில் அவனைப் பிடித்துக்கொண்டார்களாம்: "என்ன தொம்மை, மாமி லீவு விட்டாவளோ?"

ஒரு நாள் பிழைப்புப் போயிற்று. வீட்டில் நான்கு பேர். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பதினாறில் சில நாள் வரும், சில நாள் வராது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினாறும் பதினேழும் எழுதிய நாட்களில் மூன்றில் ஒன்றுதான் வந்திருக்கிறது. பதினெட்டும் அதற்கு மேலும் எழுதிய நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்த வித்தியாசத்தை நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வெறும் எண்ணைச் சொன்னேன்.

மாலை 14. அவன் வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

அம்புறோஸின் வள்ளத்தைப் பழுதுபார்த்துவிட்டார்கள். புதிய பைபர் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்த ஞாயிறு முப்பதாம் நாள் பூசை; அதற்கு மறுநாள், இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை, ரெக்ஸன் இறக்குகிறான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். போகாமல் என்ன செய்வான்?

பூசை முடிந்து வெரோணியின் பக்கம் நடந்தேன். அவள் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

காலை 12. மாலை 13. மத்தி வந்திருந்தது. வாங்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்கு பக்கம். மன்னிப்பு என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இன்று எழுதிய கடிதத்தின் நகல். ஆக்னஸ் கையில் கொடுத்தனுப்பினேன்.

வெரோணிக்கு,

பிப்ரவரி 21-ஆம் தேதி மாலை நீ என்னிடம் கேட்டாய். நீ கேட்டது உண்மை. அலை அப்போது 18 விநாடி. அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அம்புறோஸ் நேரில் வந்து கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இதை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எல்லார் முன்னாலும் சொல்ல பங்குச்சாமியாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நீ இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது ரெக்ஸனைப் பற்றி. திங்கட்கிழமை அவன் வள்ளம் இறக்குவதாக அறிகிறேன். நான் சொல்லும் எண்ணை அவன் கேட்கமாட்டான். கேட்டாலும் கரையில் மற்றவர்கள் சிரிப்பார்கள், தொம்மையைப் பார்த்துச் சிரித்ததுபோல. ஆகவே ஒரு யோசனை.

நான் தினமும் காலை நாலரை மணிக்கு அளப்பேன். 15 வரை இருந்தால் வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன். 16, 17 என்றால் மாடி விளக்கைப் போடுவேன். அன்று மூன்றில் ஒரு பங்கு ஆபத்து, போவதா வேண்டாமா என்பது அவன் முடிவு. 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் நான் கரைக்கு வந்து அவன் வள்ளத்துக்கு எதிரே நிற்பேன். என்ன சொன்னாலும் நகரமாட்டேன். யாருக்கும் எதையும் விளக்கமாட்டேன். விதவை எதிரே வந்தாள், ஆகாத நாள் என்று அவர்கள் வள்ளத்தை மேலே ஏற்றிக்கொள்ளட்டும். மற்ற வள்ளங்களும் நிற்கும். அவர்கள் எதற்காக நின்றாலும் எனக்குச் சம்மதம்.

என் எண் தவறலாம். ஒரு நல்ல நாளை வீணாக்கிவிட்டேன் என்று நீங்கள் ஏசக்கூடும். ஏசலாம்.

ஆனால் ரெக்ஸன் உன் மகன். அவன் வள்ளத்துக்கு முன்னால் நான் நிற்பதை நீ விரும்பாமல் இருக்கலாம். அவன் அப்பாவை அனுப்பியவள் என் மகனுக்கும் எதிரே நிற்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் நியாயம். உன் சம்மதம் இல்லாமல் வரமாட்டேன்.

நீ என்னிடம் பேச வேண்டாம். உனக்கு எழுதத் தெரியும். கல்யாணத்துக்கு முன் நீ அம்புறோஸுக்கு எழுதிய கடிதத்தை அவன் என்னிடம் படித்துக் காட்டியிருக்கிறான், இரண்டே பிழைகள். வரலாம் அல்லது வரவேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு, சனிக்கிழமை மாலைக்குள் கொடுத்தனுப்பு. வாய்ச்சொல்லாக வேண்டாம். பதிலை எழுத்தில் தா.

எப்ராசியா